சிங்கப்பூர் வெள்ளியை விட்டு ரிங்கிட் விலகியது 1998-ல் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு பதிப்பில் நம் மலேசியப் பணமான ரிங்கிட்டைப் பற்றி வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வாசகர்கள் எழுதிய கடிதங்களையும் படித்தேன். 1997-ல் ஆசிய நிதி நெருக்கடி வரும்வரை ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு (டாலருக்கு) ஒரு ரிங்கிட் என்றுதான் இருந்தது, 1998-ல்தான் எல்லாம் கெட்டது என்று கட்டுரை சொல்கிறது. கடிதம் எழுதியவர்களும் அதை அப்படியே நம்பி, அதன்மேல் தங்கள் கோபத்தையும் ஆசையையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடந்தது அதுவல்ல. நெருக்கடிக்கு முந்தைய ஆண்டான 1996-லேயே ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்குச் சராசரியாக 1 ரிங்கிட் 78 காசு கொடுக்க வேண்டியிருந்தது.

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் உள்ள ஜொகூர் பாருவில் ஒரு நாணய மாற்றுக் கடையில் 1970களின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். முதலாளி ராமநாதபுரம் பக்கத்துக்காரர், எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். அவர் ஊருக்கே திரும்பிப் போன பிறகு கடையை நானே எடுத்து நடத்தினேன். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். காலையில் கதவைத் திறந்ததும் அன்றைய விலையைப் பலகையில் எழுத வேண்டும், அதையே நோட்டுப் புத்தகத்திலும் குறித்து வைக்க வேண்டும் என்பது பாய் பழக்கிய பழக்கம். அந்த நோட்டுகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. இந்த இரண்டு பணமும் காசு காசாக விலகிப் போனதைக் கண்ணெதிரே பார்த்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் சமமாக இருந்த காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1967 ஜூன் 12 வரை நமக்கும் சிங்கப்பூருக்கும் புருணைக்கும் ஒரே பணம்தான். மலாயாவுக்கும் பிரிட்டிஷ் போர்னியோவுக்கும் பொதுவான நாணய வாரியம் ஒன்று அதை அச்சிட்டு வெளியிட்டது. ஒரு வெள்ளி என்றால் இங்கிலாந்துப் பணத்தில் 2 ஷில்லிங் 4 பென்ஸ். 1906-ல் நிர்ணயித்த அந்த விலை அறுபது ஆண்டுக்கும் மேலாக மாறவில்லை. 1965-ல் சிங்கப்பூர் பிரிந்த பிறகும் பணத்தைப் பிரிக்க வேண்டுமா என்று இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தார்கள். ஒத்துவரவில்லை. 1966 ஆகஸ்டில் தனித்தனிப் பணம் என்று அறிவித்தார்கள். அடுத்த ஜூனில் மலேசிய வெள்ளி (இன்றைய ரிங்கிட்), சிங்கப்பூர் வெள்ளி, புருணை வெள்ளி என்று மூன்று பணம் வந்தன.

மூன்றும் சமம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். சிங்கப்பூர் நோட்டை இங்கே வங்கியில் கொடுத்தால் கட்டணம் இல்லாமல் அதே மதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், நம் நோட்டை அங்கேயும் அப்படியே. பலர் இன்று ஏக்கத்தோடு நினைக்கும் ஒன்றுக்கு ஒன்று இதுதான். அது தானாக அமைந்த விலை அல்ல, மூன்று அரசுகள் கையெழுத்துப் போட்டுக் கட்டிக் காத்த விலை.

அந்த ஆண்டு நவம்பரில் நடந்ததைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. எங்கள் வீட்டில் அதை மறக்க முடியாது. அப்பா ஜொகூரில் கூலாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டினார். புதிய நோட்டு வந்த பிறகும் பழைய நோட்டு செல்லும் என்று அரசாங்கம் சொல்லியிருந்ததால் மாற்றவேண்டிய அவசரம் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகளான லயத்தில் வங்கிக் கணக்கு வைத்திருந்தவர்கள் குறைவு. எங்கள் சேமிப்பு மைலோ டின்னில் இருந்தது: பாய்மரப் படகு போட்ட ஒரு வெள்ளி நோட்டுகள், எருமையைப் பூட்டி உழுகிற படம் போட்ட பத்து வெள்ளி நோட்டுகள் சில.

1967 நவம்பர் 18 அன்று பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. ஒரு பவுண்டுக்கு 2.80 அமெரிக்க டாலர் என்றிருந்தது 2.40 ஆயிற்று. புதிய மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் பவுண்டோடு சேர்ந்து இறங்க மறுத்துவிட்டன. நல்லதுதான். ஆனால் பழைய நோட்டுக்குப் பின்னால் இருந்த சொத்து பழைய வாரியம் பவுண்டில் வைத்திருந்த இருப்பு. அதனால் பழைய நோட்டு மட்டும் பவுண்டோடு கீழே போனது. பழைய ஒரு வெள்ளி இனி புதிய 85 காசுதான் என்று அறிவித்தார்கள். வாரக் கடைசியில் வந்த அறிவிப்பு அது. திங்கட்கிழமை அப்பா டின்னைத் திறந்தபோது பணம் முழுவதும் அங்கேயே இருந்தது, அதில் வெள்ளிக்குப் பதினைந்து காசு மட்டும் இல்லை.

தோட்டத்துக்கு வெளியே இருந்த மளிகைக் கடையில் அந்த வாரம் 80 காசுக்கு மேல் எடுக்கமாட்டோம் என்றார்கள். அரிசி வாங்க வேண்டும், வேறு வழி இல்லை. பினாங்கில் நவம்பர் 24 அன்று தொழிலாளர் கட்சி ஹர்த்தால் அறிவித்தது, அது கலவரமாகி ஊரடங்கு வரை போயிற்று. பினாங்கைத் தாண்டியும் பரவியது. அதை வெறும் இனக் கலவரம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாது. ஏழைகள் கையில் இருந்த நோட்டு அவர்களைக் கேட்காமல் 15 விழுக்காடு குறைந்ததில்தான் அது தொடங்கியது. பணக்காரர் பழைய நோட்டைக் கட்டி வைத்திருக்கவில்லை. வைத்திருந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் மீனவர்களும் சிறு வியாபாரிகளும்தான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒன்றுக்கு ஒன்று இருந்த அந்தக் காலம் எல்லோருக்கும் நிம்மதியான காலம் என்று இளையவர்கள் எண்ணுகிறார்கள். சிங்கப்பூர் வெள்ளியும் நம் வெள்ளியும் சமமாக இருந்த அதே மாதத்தில்தான் எங்கள் அப்பாவின் சேமிப்பு குறைந்தது. அவருக்கு முக்கியமாக இருந்தது டின்னில் உள்ள நோட்டுக்கு எவ்வளவு அரிசி வரும் என்பதுதான்.

அப்புறம் 1973. இந்த ஆண்டைக் கட்டுரையாளர் ஒரே வரியில், அதுவும் சிங்கப்பூர் நம்மைக் கைவிட்ட ஆண்டு என்பதுபோல் எழுதியிருக்கிறார். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது மலேசியா. மே 8 அன்று அறிவித்தது நம் அரசாங்கம்தான். அதற்குக் காரணமும் இருந்தது. உலகம் முழுக்க நிலையான மாற்று விலைகள் உடைந்துகொண்டிருந்த நேரம். தனக்கென்று ஒரு மத்திய வங்கி வைத்திருக்கும் நாடு, இன்னொரு நாட்டு நோட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க முடியாது. பங்குச் சந்தையும் அந்த ஆண்டேதான் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று இரண்டாயிற்று. ஜூன் மாதத்தில் இரண்டு பணமும் மிதக்கவிடப்பட்டன. சிங்கப்பூரும் புருணையும் மட்டும் பழைய ஒப்பந்தத்தைத் தொடர்ந்தன, இன்றுவரை தொடர்கின்றன.

சரி, ஒப்பந்தம் போனதும் விலை உடனே விலகிவிட்டதா? இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாத இடம். 1975-ல் ஒரு அமெரிக்க டாலருக்கு நம் பணம் சராசரியாக 2.40, சிங்கப்பூர் பணம் 2.37. 1980-ல் நமக்கு 2.18, அவர்களுக்கு 2.14. அப்படியென்றால் ஒரு சிங்கப்பூர் வெள்ளி ஏறக்குறைய 1 ரிங்கிட் 2 காசு. யாரும் கட்டிப் போடாமலேயே ஏழு ஆண்டு பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜொகூர் பாருவில் காப்பிக் கடைகளில் சிங்கப்பூர் சில்லறையைப் பேசாமல் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். சிங்கப்பூர்ப் பணத்தை மாற்ற எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரிய தொகை வைத்திருப்பவர்கள் மட்டுமே. மற்றவர்களுக்கு அந்த இரண்டு காசுக்காக வரிசையில் நிற்பது வீண்.

அந்த நெருக்கம் கலைந்தது எண்பதுகளில். நெருக்கடி எதுவும் அதைக் கலைக்கவில்லை, கொள்கைதான் கலைத்தது. 1981 முதல் சிங்கப்பூரின் மத்திய வங்கியான நாணய ஆணையம் ஒரு முடிவோடு செயல்பட்டது. டாக்டர் கோ கெங் சுவீ அப்போது அதன் தலைவர். அரிசி முதல் எண்ணெய் வரை எல்லாவற்றையும் வெளியிலிருந்து வாங்கும் ஊர் அது. வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைப் பிடிப்பதைவிட, பணத்தின் மாற்று விலையை வைத்தே பிடிப்பது அவர்களுக்கு எளிது. அதனால் வர்த்தகம் செய்யும் நாடுகளின் பணங்களைச் சேர்த்து ஒரு கூடையாக வைத்து, அதற்கு எதிரே சிங்கப்பூர் வெள்ளியை மெல்ல மெல்ல உயரவிட்டார்கள். இந்த வழியை இன்றுவரை கைவிடவில்லை.

நம் கதை வேறு. ரப்பர், ஈயம், செம்பனை எண்ணெய், பிறகு பெட்ரோலியம் என்று விற்றுப் பிழைத்த நாடு இது. விற்கிறவனுக்குத் தன் பணம் ரொம்ப ஏறினால் ஆகாது. 1985-ல் ஈயச் சந்தை இடிந்து விழுந்தது, செம்பனை எண்ணெய் விலை சரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரை இறக்க ஒப்பந்தம் செய்தன, ஜப்பானின் யென் மதிப்பு பறந்தது. யென்னில் கடன் வாங்கியிருந்த நமக்கு அது அடி. அதே யென் உயர்வால்தான் ஜப்பான் தொழிற்சாலைகள் மலிவான இடம் தேடி இங்கே வரவும் செய்தன. ரிங்கிட்டைக் குறைந்த நிலையில் இருக்கவிட்டது அவர்களை வரவேற்க உதவியது. ஷா ஆலாமிலும் பினாங்கிலும் நம் ஜொகூரிலும் முளைத்த மின்னணுத் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். என் தங்கை அப்படி ஒரு தொழிற்சாலையில் சேர்ந்துதான் தோட்டத்தை விட்டு வெளியே வந்தாள்.

சிங்கப்பூருக்கும் 1985-ல் மந்தம் வந்தது. அவர்கள் பணத்தைப் பெரிதாக இறக்கவில்லை. தொழிலாளருக்காக முதலாளிகள் மத்திய சேமநிதியில் கட்டவேண்டிய 25 விழுக்காட்டை 1986-ல் ஒரேயடியாக 10 ஆகக் குறைத்தார்கள். சுமையைத் தொழிலாளியின் சேமிப்பில் ஏற்றினார்களே தவிர, வெள்ளியின் மதிப்பில் ஏற்றவில்லை. அதுவும் வலியில்லாத வழி அல்ல. சிங்கப்பூர்ப் பணம் சும்மா உயர்ந்தது என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இனி எண்களைப் பாருங்கள். 1985-ல் ஒரு சிங்கப்பூர் வெள்ளி சராசரியாக 1 ரிங்கிட் 13 காசு. 1990-ல் 1 ரிங்கிட் 49 காசு. ஐந்தே ஆண்டில் 32 விழுக்காடு ஏற்றம். ஆசிய நெருக்கடியில் எவ்வளவு ஏறியது? 1996-ல் 1.78, 1998-ல் 2.34. அது 31 விழுக்காடு. எல்லோரும் இன்றுவரை பேசுகிற பெரும் சரிவுக்குச் சமமான ஒரு விலகல், அதற்கு முன்பே, எந்தத் தலைப்புச் செய்தியும் இல்லாமல், எவர் மீதும் பழி விழாமல் நடந்து முடிந்திருக்கிறது. மாதம் ஒரு காசு, சில மாதம் அரைக் காசு என்று போனால் யாரும் கவனிப்பதில்லை. எங்களைப் போல் பலகை எழுதுகிறவர்கள் கவனித்தோம், சிங்கப்பூர் அரசாங்கமும் கவனித்தது. பெட்ரோல் போட்டுக்கொள்ள வார இறுதியில் பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவுக்கு வரும் கார்கள் அதிகமானதால், சிங்கப்பூரை விட்டு வெளியே போகும் கார்களில் பாதித் தொட்டியாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்று 1989-ல் சட்டம் போட்டார்கள். 1991-ல் அதை முக்கால் தொட்டியாக்கினார்கள். அவர்கள் பெட்ரோல் வரியும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனாலும் இரண்டு பணமும் சமமாக இருந்திருந்தால் அந்தச் சட்டத்துக்கு இத்தனை அவசரம் வந்திருக்காது.

1997, 1998 பற்றி உங்கள் கட்டுரை விரிவாகவே எழுதியிருக்கிறது, அதனால் கடையில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். 1997 ஜூலை 2-ல் தாய்லாந்து பாட் விழுந்தது. ஜூலை நடுவில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா ரிங்கிட்டைத் தாங்கிப் பிடிப்பதை நிறுத்தியது. 1998 ஜனவரி தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டாலர் 4.88 ரிங்கிட் வரை போனது. சிங்கப்பூர் வெள்ளி இரண்டரை ரிங்கிட்டைத் தாண்டியது. அந்த நாள்களில் பலகையில் காலையில் எழுதிய விலை மத்தியானம் செல்லாது. விற்க வந்தவர்கள் இன்னும் ஏறும் என்று திரும்பிப் போனார்கள், வாங்க வந்தவர்கள் இன்றே வேண்டும் என்று நின்றார்கள். மகளைச் சிங்கப்பூரில் படிக்கவைத்த ஒரு தாய், கட்டணத்துக்குக் கேட்ட தொகையை எங்களால் முழுதாகக் கொடுக்க முடியாமல், கொஞ்சம் இங்கே கொஞ்சம் பக்கத்துக் கடையில் என்று சேர்த்துக்கொண்டு போனார். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

செப்டம்பர் 1 அன்று கட்டுப்பாடுகள் வந்தன. அமெரிக்க டாலருக்கு 3.80 என்று விலையைக் கட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் ரிங்கிட் எல்லாம் அந்த மாத முடிவுக்குள் நாடு திரும்ப வேண்டும், அதன் பிறகு ஆளுக்கு 1,000 ரிங்கிட்டுக்கு மேல் எல்லை தாண்டிக் கொண்டுபோகவோ கொண்டுவரவோ கூடாது என்றார்கள். சிங்கப்பூரில் எங்களைப் போலக் கடை வைத்திருந்த பலர் அந்த மாதம் தூங்கவில்லை. கையிருப்பில் இருந்த ரிங்கிட்டை என்ன செய்வது என்று நாளெல்லாம் தொலைபேசியில் கேட்பார்கள். 500, 1,000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1 முதல் செல்லாது என்று ஆனது தனிக் கதை.

அந்தக் கட்டுப்பாட்டைத் திட்டுகிறவர்களும் புகழ்கிறவர்களும் இன்றும் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஒன்றே: ரிங்கிட் சிங்கப்பூர் வெள்ளியிடம் தோற்ற காலம் அது என்று சொல்வதற்குப் பலகை சாட்சி சொல்லவில்லை. விலை கட்டப்பட்ட பிறகு சிங்கப்பூர் வெள்ளி 2.20 பக்கம் வந்து நின்றது. 2000-ல் சராசரி 2.20. கட்டை அவிழ்த்த 2005-ல் 2.28. 2010-ல் 2.36. பத்தாண்டில் அவ்வளவுதான் நகர்ந்தது. எண்பதுகளில் ஐந்தாண்டில் நகர்ந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த பெரிய விலகல் 2014-ல் தொடங்கியது. எண்ணெய் விலை பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல் இருந்தது பாதிக்கும் கீழே விழுந்தது. அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் ஊழல் விவகாரமும் சேர்ந்து 2015-ல் சிங்கப்பூர் வெள்ளியை 3 ரிங்கிட்டைத் தாண்டவைத்தது. அமெரிக்கா வட்டியை ஏற்றிய ஆண்டுகளுக்குப் பிறகு 2024 பிப்ரவரியில் 3.50-ஐயும் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் முடிவில் 3.20 அருகே இறங்கியது. அப்படி இறங்கியதைப் பத்திரிகைகள் ஏறியதைப்போலப் பெரிதாகப் போடவில்லை.

திரும்பவும் ஒன்றுக்கு ஒன்று வேண்டும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கு என்ன விலை என்று புருணையைப் பார்த்தால் தெரியும். புருணை வெள்ளி இன்றும் சிங்கப்பூர் வெள்ளிக்குச் சமம். 2017-ல் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு இரண்டு நாடும் நினைவு நோட்டு வெளியிட்டன. அந்தச் சமத்துக்காகப் புருணை தன் பணத்தின் மதிப்பைத் தானே தீர்மானிக்கும் உரிமையைச் சிங்கப்பூர் நாணய ஆணையத்திடம் விட்டுவிட்டது. எண்ணெய் வளமும் சிறிய மக்கள்தொகையும் உள்ள நாட்டுக்கு அது சரிப்படுகிறது. செம்பனை விற்கும் சாபா விவசாயிக்கும், சில்லு தயாரிக்கும் பினாங்குத் தொழிலாளிக்கும், சுற்றுலாப் பயணியை நம்பியிருக்கும் லங்காவி படகோட்டிக்கும் சிங்கப்பூரின் தேவைக்கேற்ப நிர்ணயித்த விலை எப்படிச் சரிப்படும்? விலையைக் கட்டிவிடலாம், வேலையையும் சம்பளத்தையும் அதோடு சேர்த்துக் கட்ட முடியாது.

அந்தப் பழைய சமம் சில இடங்களில் மட்டும் இன்னும் உறைந்து கிடக்கிறது. 1962-ல் போட்ட ஜொகூர் ஆற்று நீர் ஒப்பந்தப்படி ஆயிரம் கேலன் சுத்திகரிக்காத நீருக்குச் சிங்கப்பூர் கொடுப்பது 3 காசு. சுத்திகரித்த நீரை நாம் திரும்ப வாங்கினால் ஆயிரம் கேலனுக்கு 50 காசு. கையெழுத்துப் போட்டபோது இரண்டு பக்கமும் ஒரே பணம். இப்போது அந்த 3 காசு சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு காசுக்குப் பக்கம். 2061 வரை ஒப்பந்தம் இருக்கிறது. நீர் விலையைப் பற்றிப் பேசும் அரசியல்வாதிகள் மாற்று விலையால் அது எவ்வளவு மாறியிருக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்வதை நான் கேட்டதில்லை. ரயிலிலும் இதே கதை. தஞ்சோங் பகாரில் நம் கேடிஎம் ரயில் ஏறிய காலத்தில், ஜொகூர் பாருவில் ரிங்கிட்டில் போட்ட அதே எண்ணைச் சிங்கப்பூரில் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்குவார்கள். 2015-ல் தொடங்கிய தெப்ராவ் ரயிலிலும் இங்கிருந்து உட்லண்ட்ஸ் போக 5 ரிங்கிட், அங்கிருந்து வர 5 சிங்கப்பூர் வெள்ளி. விடியற்காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற நம் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடப் பயணத்தின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விலை.

பாலம் தாண்டி வேலைக்குப் போகிற அந்தப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டுரை அவர்களை விலை ஏறினால் கொண்டாடுகிறவர்கள் என்று எழுதியிருப்பது மனதைப் புண்படுத்துகிறது. விடியுமுன் மூன்றரை மணிக்கு எழுந்து பசியாறாமல் குடிநுழைவு வரிசையில் நிற்கிறவர்கள் அவர்கள். சம்பளம் மாற்றும்போது மூன்று மடங்காகத் தெரிகிறது, உண்மைதான். அந்தச் சம்பளத்தைக் கணக்கில் வைத்து ஜொகூர் பாருவில் வாடகையும் வீட்டு விலையும் சாப்பாட்டு விலையும் ஏறிவிட்டன. ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் தாதியும் ஆசிரியரும் அதே ஊரில், அதே விலையில் வாழ வேண்டியிருக்கிறது. மாற்று விலை இவர்கள் இரண்டு பேரையும் ஒரே தெருவில் வெவ்வேறு நாட்டுக்காரர்களாக ஆக்கியிருக்கிறது. நெருக்கடியைப் பற்றி எழுதுவதைவிட இதைப் பற்றி உங்கள் நிருபர்கள் எழுத வேண்டும். எந்த நாளில் எந்தச் சாதனை முறிந்தது என்பதைவிட, உள்ளூர்ச் சம்பளம் ஏன் இத்தனை ஆண்டாக இப்படி இருக்கிறது என்ற கேள்விதான் எங்கள் ஊருக்கு அவசரம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்.

1997 வரை சமமாக இருந்தது என்ற தகவலுக்குத் திருத்தம் வெளியிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையை வெட்டி ஒட்டிக் கட்டுரை எழுதுகிறார்கள். என் பேத்தியும் எழுதுகிறாள்.

ரிங்கிட்டின் சரித்திரம் என்று வரைபடம் போடும்போது 1998-லிருந்து தொடங்காதீர்கள். 1973-லிருந்து போடுங்கள், ஆண்டுச் சராசரியைப் போடுங்கள். எண்பதுகளின் ஏற்றம் கண்ணில் பட்டால்தான் ஒரு தலைவரையோ ஒரு ஆண்டையோ மட்டும் குறை சொல்லும் பழக்கம் போகும்.

கடைசியாக, தினமும் நீங்கள் வெளியிடும் மாற்று விலைப் பெட்டி. அதில் வங்கிகளுக்கிடையிலான ஒரே விலைதான் இருக்கிறது. எங்கள் பலகையில் இரண்டு விலை உண்டு: நாங்கள் வாங்கும் விலை, விற்கும் விலை. உங்கள் பெட்டியில் 3.30 என்று பார்த்துவிட்டு, கடையில் 3.27 கொடுத்தால், ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துப் பெரியவர்கள் சண்டைக்கு வருகிறார்கள். மகன் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்கிறான். விலை எந்த நாள், எந்த நேரத்தில் எடுத்தது என்பதையும், கடைகளில் கிடைக்கும் விலை கொஞ்சம் மாறும் என்பதையும் பெட்டிக்குக் கீழே ஒரு வரியில் போட்டால் போதும். முடிந்தால் சிங்கப்பூர் வெள்ளிக்கு மட்டுமாவது வாங்கும் விலையையும் விற்கும் விலையையும் தனித்தனியாகப் போடுங்கள். ஜொகூரில் உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் பத்திரிகையைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
நாணய மாற்று வணிகர் (ஓய்வு),
ஜொகூர் பாரு